ஒன்றுக்குப் பன்னிரண்டு

சில எண்களுக்கும் வரலாறு உண்டு. கொஞ்ச நாளாக நான் துரத்திக்கொண்டிருப்பது 1:12 என்ற விகிதத்தை. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் அதிகபட்சம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்பதற்குப் பல நாடுகளின் கட்டட விதிகளில் வரும் அளவு இது. ஓரடி உயரம் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் 12 அடி நீளம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கேட்க எளிது, கட்டுவது எளிதில்லை. வாசலில் ஆறங்குல உயரத்தில் மூன்று படி இருந்தால் மொத்தம் ஒன்றரை அடி. அதற்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். நம் ஊர் வீடுகளில் பைக் ஏற்றுவதற்காகப் போடும் சிமென்ட் சரிவை நினைத்துப் பாருங்கள். மூன்று நான்கு அடியில் முடிந்துவிடும். அதில் வண்டி ஏறிவிடும். ஆனால் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறவரால் ஏற முடியாது.

சரி, இந்த 12 எப்படி விதிப்புத்தகத்துக்குள் வந்தது? அதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் கல்லூரிச் செலவை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. அவர்களில் கால் செயலிழந்தவர்களும் இருந்தார்கள். படிக்கப் பணம் இருக்கிறது, ஆனால் வகுப்பறைக்குள் போக வழியில்லை. 1948-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் வளாகத்தில் டிமோதி நியூஜென்ட் என்பவர் இவர்களுக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்த வளாகம் முன்பு ராணுவ மருத்துவமனை. அடுத்த வருடமே வளாகத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. மாநிலத் தலைநகருக்கே போய்ப் போராடினார்கள். கடைசியில் திட்டம் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்துக்கு மாறியது.

அங்கே நடந்த வேலைதான் பின்னால் ஒரு தேசியத் தரநிலைக்கு அடித்தளமானது. அதற்கான ஆராய்ச்சிக்கு நியூஜென்டே இயக்குநர். 1961-இல் ஏ117.1 என்ற பெயரில் அது வெளியானது. சில பக்கங்களே கொண்ட சின்ன ஆவணம். சாய்தளம் 12-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, கதவைத் திறந்தால் குறைந்தது 32 அங்குலம் வழி இருக்க வேண்டும் என்று அளவு அளவாகச் சொன்னது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான இடம் வருகிறது. ஆவணத்துக்குள் எல்லாமே ‘வேண்டும்’. ஆனால் அந்த ஆவணத்தைப் பின்பற்றுவது? ‘பின்பற்றலாம்’. கட்டுகிறவர் விரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்த ‘லாம்’ போவதற்குப் பல வருடங்கள் ஆயின. 1968-இல் மத்திய அரசின் பணத்தில் எழும் கட்டடங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க ஒரு வாரியம் அமைய 1973 ஆனது. அதே 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான்கு வருடம் இழுத்தடித்தார்கள்.

1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அந்தத் துறையின் அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜூடித் ஹியூமன், கிட்டி கோன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கினார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். பிளாக் பேந்தர் கட்சியினர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ கையெழுத்திட்டார். அந்த விதிகள் கட்டடங்களுக்கு எதை அளவுகோலாகக் காட்டின தெரியுமா? அதே 1961 தரநிலையை. 16 வருடமாக எண்ணில் மாற்றமில்லை. அதன் பின்னால் சட்டம் வந்து நின்றதுதான் புதிது. தனியார் கடைகளும் ஹோட்டல்களும் இதற்குள் வர 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் தேவைப்பட்டது.

இதே கதை இணையத்திலும் நடந்தது. 1999 மே மாதம் இணையதளங்களுக்கான முதல் அணுகல் வழிகாட்டுதல்களை டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது. அதுவும் ‘லாம்’தான். அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான புரூஸ் மகுவயர், சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைப் பற்றிப் புகார் கொடுத்தார். படங்களுக்கு மாற்று உரை இல்லாததால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அந்தப் பக்கங்கள் ஊமையாக இருந்தன. 2000-இல் மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது.

இணையத்துக்கும் ஒரு 1:12 உண்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு. ஏறத்தாழ 80 வயதானவர்களுக்கு வழக்கமாக இருக்கும் பார்வைத் திறனை வைத்து எடுத்த கணக்கு அது. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளையில் போட்டு ‘அழகாக இருக்கு’னு சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சாய்தளம் எல்லாம் கேட்டது. ஆனால் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வால் வைத்திருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வால் போனது. ஆனால் 2017-இல் வந்த விதிகளின் 15-ஆவது விதி, வழிகாட்டுதல்களைக் கைகாட்டிவிட்டு நின்றது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005-இல் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் பிடித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ வெறும் பரிந்துரையாக இருக்கிறது, ஆகவே விதி சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து எழுத அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. வழக்குப் போட்டதிலிருந்து 19 வருடம்.

பொறியாளர்களுக்கு அளவு தெரியாததால் சாய்தளம் சரியில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவு 1961-லிருந்து அச்சில் இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடங்களில்தான் அது காகிதத்தோடு நின்றுபோகிறது.

அடுத்த முறை வங்கிக்கோ ஓட்டுப் போடவோ போகும்போது, வாசலில் சாய்தளம் இருந்தால் அதன் நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 12-க்குக் குறைவாக வந்தால், ‘இங்கே சாய்தளம் இருக்கிறது’ என்ற பலகையை நம்ப வேண்டாம்.