இனப்படுகொலையைக் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தேவைப்படும் பயிற்சி

வகுப்பில் கண்டிப்பாக இருக்கும் ஆசிரியருக்கு 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைப்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான விளையாட்டு. நம் கோடம்பாக்கத்துத் திரையுலகமும் அப்பெயரை விட்டுவைக்கவில்லை. 1982இல் சிவாஜி கணேசன் நடித்து 'ஹிட்லர் உமாநாத்' வந்தது; 2024இல் 'ஹிட்லர்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த ஆட்சியின் தலைவன் பெயர் நம்மிடையே வெறும் கண்டிப்பின் அடையாளமாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

தமிழக அரசு 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இரண்டாம் உலகப்போர் பாடத்திற்குள் யூதப் படுகொலை ஒரு சிறு பகுதியாக இடம்பெற்றது. தேர்வு நோக்கில் பார்த்தால் அது இரண்டு மதிப்பெண் வினா. ஆனால் "ஏன் யாரும் தடுக்கவில்லை?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால், பாடநூலை மட்டும் படித்த ஆசிரியர் என்ன சொல்வார்?

உலக அளவில் இதற்கான பயிற்சி பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. எருசலேமின் யாட் வாஷெம் நினைவகம் 1993 முதல் இதற்கென ஒரு பள்ளியையே நடத்துகிறது. 2005 நவம்பர் முதல் நாள் ஐ.நா. பொதுப்பேரவை, ஆஷ்விட்ஸ் முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட சனவரி 27ஐ நினைவுநாளாக அறிவித்தபோது, உறுப்பு நாடுகள் கல்வித் திட்டங்களை உருவாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. இப்பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரைகள் எளியவை. பிணக்குவியல் படங்களைக் காட்டி அதிர்ச்சியூட்ட வேண்டாம். மாணவர்களைக் கைதியாகவும் காவலராகவும் நடிக்க வைக்க வேண்டாம். எண்ணிக்கையிலிருந்து அல்ல, ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குங்கள். யாருடைய துன்பம் பெரியது என்று போட்டி வைக்காதீர்கள். நம் ஆசிரியர்களுக்கு மிகக் கடினமாக இருக்கப்போவது இரண்டாவது என்று நினைக்கிறோம். ஆண்டுவிழா நாடகம் இல்லாமல் நம் பள்ளிகளில் எதுவும் நடப்பதில்லையே!

கத்தோலிக்க ஆசிரியருக்கு இன்னொரு சுமையும் உண்டு. மாக்சிமிலியன் கோல்பேயையும் ஈடித் ஸ்டைனையும் பற்றிச் சொல்வது நமக்கு எளிது. ஆனால் கிறிஸ்தவர்களிடையே நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்த யூத வெறுப்பைப் பற்றிச் சொல்லாமல் இப்பாடம் முழுமை பெறாது. 1965இன் 'நம் காலத்தில்' என்ற சங்க ஏடு, இயேசுவின் பாடுகளுக்கான பழியை யூதர் அனைவர் மீதும் சுமத்தக்கூடாது என்றது. 1998 மார்ச்சில் வத்திக்கான் வெளியிட்ட 'நாங்கள் நினைவுகூர்கிறோம்' என்ற ஏடு அந்நாளைய கிறிஸ்தவர்கள் சிலரின் மௌனத்திற்காக வருத்தம் தெரிவித்தது. ருவாண்டாவோ இதைவிட அருகில் வருகிறது. 1994 ஏப்ரலில் நியாங்கே பங்குக் கோவிலில் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 1,500 துட்சி மக்கள் மீது கட்டடமே புல்டோசரால் இடித்துத் தள்ளப்பட்டது. அப்பங்கின் அருள்பணியாளருக்குப் பன்னாட்டு நீதிமன்றம் 2008இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருஅவையினரும் அதன் உறுப்பினர்களும் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். இதை மறைத்துவிட்டு நடத்தும் பாடத்தை மாணவர்கள் பின்னாளில் நம்பமாட்டார்கள்.

இனி நம் வீட்டுக்கு அருகில் வருவோம். 1983 சூலை வன்முறைக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் பலர் கோடம்பாக்கம், சூளைமேடு, வடபழனிப் பகுதிகளில் வாடகை வீடுகளில் குடியேறினர். கனடாவில் குடியேறியோரின் மாநிலமான ஒன்டாரியோவில், சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரச் சட்டம் 2021 மே மாதம் நிறைவேறியது. மே 18உடன் முடியும் ஏழு நாள்களே அவ்வாரம். சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகள் தோற்றன. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆனால் ஒரு வாரத்தை அறிவிப்பதால் மட்டும் ஆசிரியர் உருவாகிவிடமாட்டார்.

ஏனெனில் இங்கே சொற்களில் கவனம் தேவை. நாத்சிகளின் குற்றம் நியூரம்பர்க்கில் ஆவணங்களோடு மெய்ப்பிக்கப்பட்டது. ருவாண்டாவில் நடந்தது இனப்படுகொலையே என்று பன்னாட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. இலங்கை விவகாரத்தில் அப்படிப்பட்ட தீர்ப்பு எதுவும் வரவில்லை, கொழும்பு அரசு அச்சொல்லை மறுக்கிறது, ஐ.நா. நிபுணர் குழுவோ, இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என 2011இல் கூறியது. மன்னார் ஆயர் மறைந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை அதே ஆண்டு சனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன் வைத்த கணக்கு வகுப்பறைக்கு ஏற்றது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059; அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380; எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? அவர் கேட்டது இவ்வளவே. இவர்கள் அனைவரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கழித்தல் கணக்கு தெரிந்த மாணவர் எவரும் சான்று எது, முடிவு எது என்று இதில் பிரித்துப் பார்க்கலாம்.

மறுவாழ்வு முகாமில் வளர்ந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், "உன் தாத்தாவுக்கு என்ன நடந்தது, சொல்" என்று எல்லார் முன்னும் எழுப்பக்கூடாது. முன்கூட்டியே பெற்றோரிடம் பேசிவிடுவது நல்லது.

காலமும் ஒரு சிக்கல். மே 18 நமக்குக் கோடை விடுமுறை. சனவரி 27 வரும்போது பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுத் திருப்புதலில் மூழ்கியிருக்கும். பாடமோ நூலின் தொடக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் சூன், சூலையிலேயே நடத்தப்பட்டுவிடும். ஆகவே நம் மறைமாவட்டப் பள்ளிகள் பயிற்சி வைப்பதானால், மே மாத இறுதியில் ஆசிரியர்கள் கூடும் நாள்களே பொருத்தமானவை.