அம்பாசடரும் பரண் மேல ஏசியும் – ஒரு கொசுவத்தி

முதல்லயே சொல்லிடுறேன், இது சிமெண்ட் ஆலங்குளம் இல்ல. அது விருதுநகர் மாவட்டம். நம்ம ஊரு திருநெல்வேலியில இருந்து தென்காசி போற ரோட்டுல இருக்கிற ஆலங்குளம். 2019-ல தென்காசி தனி மாவட்டமாகி நாங்களும் அதுல சேர்ந்துட்டோம். ஆனா எந்த ஊருன்னு யாராவது கேட்டா இன்னும் 'திருநெல்வேலி'ன்னு தான் வாயில வருது.

விஷயத்துக்கு வாரேன். பெரியப்பாவோட 1974 மாடல் அம்பாசடர் மார்க்-2, அவர் போனதுக்கு அப்புறம் கொட்டகைக்குள்ள கோழி அடையுற இடமா ஆகிப் போச்சு. போன வருஷம் தான் வெளிய எடுத்து டிங்கரிங், பெயிண்ட், இஞ்சின் வேலைன்னு ஆரம்பிச்சோம். எல்லாம் சுமுகமாத் தான் போச்சு, பரண்ல இருந்து அந்த ஏசியை இறக்குற வரைக்கும். டேஷ்போர்டுக்குக் கீழ தொங்குற பெட்டி ஒண்ணு, கண்டென்சர், நாலஞ்சு ஹோஸ், ரெண்டு பிஸ்டன் கம்ப்ரசர் ஒண்ணு (தூக்குனா இடுப்பு புடிச்சுக்கும்). 1990-ல அக்கா கல்யாணத்துக்காக மதுரையில கொடுத்து மாட்டுனது. இஞ்சின் சூடாகுதுன்னு கொஞ்ச நாள்லயே கழட்டிட்டாங்க. இப்ப திரும்ப மாட்டவா, வேண்டாமா? வீட்டுல ரெண்டு கட்சி. நான் 'வேண்டாம்' கட்சி. எதிர்க்கட்சியை மடக்குறதுக்குன்னு படிக்க ஆரம்பிச்சது தான் இந்தப் பதிவு.

கார்ல ஏசியை முதல்ல கொண்டு வந்தது அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி. 1939 கடைசியில சிகாகோ கார் கண்காட்சியில காட்டுனாங்க. விலை 274 டாலர். டிக்கியில பாதியை அந்த மெஷினே அடைச்சுக்கும். அதை விடக் கூத்து, கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம்னா வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தொறந்து, பெல்ட்டைக் கழட்டணும்! 1941-ஓட அதை விட்டுட்டாங்க. நம்ம நாட்டுல அதுக்கும் முன்னாடியே, 1934-ல, பிரான்டியர் மெயில் ரயில்ல பெட்டிக்கு அடியில ஐஸ் பாளம் அடுக்கி காத்தைக் குளிர வச்சாங்க. எனக்கு என்னமோ பேக்கார்டை விட இதுதான் புத்திசாலித்தனமாப் படுது :-)

ஹீட்டர், கூலர் எல்லாத்தையும் முன்பக்கமே ஒண்ணாச் சேர்த்து வச்ச முதல் அமெரிக்கக் கார் எது தெரியுமா? 1954-ல வந்த நாஷ் அம்பாசடர். இதைப் படிச்சதும் எதிர்க்கட்சி துள்ளிக் குதிச்சுது. அட, பேரு மட்டும் தாம்ப்பா ஒண்ணு. நம்ம அம்பாசடர் இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாம் சீரிஸ்ல இருந்து வந்தது. 1950-கள் கடைசியில கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்ய ஆரம்பிச்சு, 2014 மே மாசம் வரைக்கும் ஓட்டுனாங்க. வருஷத்துல பாதி நாள் குளிருற ஊர்க்காரன் வரைஞ்ச வண்டி. ஏசி வைக்க அதுல எடமே யோசிக்கல. அவன் நமக்குக் கொடுத்தது முன் கதவுல இருக்கிற அந்த முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பி வச்சா மூஞ்சிக்கு நேரா காத்து அடிக்கும். குத்தாலம் சீசன்ல செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து அதுல நுழைஞ்சா எந்த ஏசியும் கிட்ட நிக்க முடியாது. அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

இஞ்சின் 1489 சிசி, கிட்டத்தட்ட 50 குதிரை. ஏசி கம்ப்ரசர் அதுல சில குதிரைகளை அவுத்துக்கிட்டுப் போயிடும். கண்டென்சரைக் கொண்டு போய் ரேடியேட்டருக்கு முன்னாடி நிறுத்துனா ரேடியேட்டருக்குப் போற காத்தும் குறையும், போறது சூடாவும் போகும். அந்தக் காலத்து வண்டியில ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ தான். வண்டி நின்னு ஐடிலிங்ல ஓடுறப்ப டைனமோ சார்ஜே பண்ணாது, அப்ப ஏசி ஃபேன் பேட்டரியை உறிஞ்சும். ரயில்வே கேட்டுல பத்து நிமிஷம் நின்னா போதும், முள்ளு சிவப்புக்குப் போயிரும். பெரியப்பா ஆரியங்காவு ஏத்தம் வந்தாலே ஏசியை அமத்திருவாரு.

அப்புறம் ஏன் மாட்டுனாரு? அங்க தான் சரித்திரம் இருக்கு. அந்தக் காலத்துல ஏசின்னாலே ஆடம்பரப் பொருள், கலால் வரி தீட்டிருவாங்க. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. 1984-ல இதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வாக்ஸால் கார் ஒண்ணை வச்சு கான்டசாவை இறக்குனாங்க. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளயும் முதல்ல வச்சது நம்ம அம்பாசடரோட அதே 1489 சிசி இஞ்சின்! பின்னாடி தான் இசுசு 1.8 லிட்டர் வந்து மானத்தைக் காப்பாத்துச்சு. 1985-ல சுப்ரோஸ் கம்பெனி கார் ஏசி செய்யவே தொடங்குனாங்க. ஆக 80-கள் கடைசியில ஏசி கார்ங்கிறது எங்க ஊர்ப் பக்கம் ஒரு அந்தஸ்து. ஏசி இல்லாதவங்க கூட கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு, வேர்த்து வழிய, ஒண்ணுமே நடக்காத மாதிரி போனதைப் பாத்திருக்கேன். சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணாடியை ஏத்திக்கிட்டு கான்டசாவுல வந்து இறங்குனாங்க. பெரியப்பா மறுவாரமே மதுரைக்கு வண்டியை விட்டுட்டாரு. அவ்வளவு தான் கதை.

அடுத்து கேஸ். பழைய ஏசி ஓடுனது ஆர்-12-ல. ஓசோன் படலத்தை ஓட்டை போடுற சமாச்சாரம். 1987-ல மான்ட்ரியல் ஒப்பந்தம், 1992-ல இந்தியா சேர்ந்துச்சு, 2008-ல இங்க தயாரிக்கிறதை நிறுத்துனாங்க, 2010-ல இருந்து உபயோகமும் கிடையாது. இப்ப போடணும்னா ஆர்-134ஏ. அதுக்குப் பழைய கம்ப்ரசர் எண்ணெய் ஒத்துக்காது. எண்ணெய், ஓரிங், டிரையர், ஹோஸ் எல்லாம் மாத்தணும், கண்டென்சரும் பெருசா வேணும். சில பேரு சமையல் கேஸையே அடைச்சுக் குடுப்பாங்களாம். தயவுசெஞ்சு அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க, லீக் ஆச்சுன்னா நீங்க உக்காந்திருக்கிறது அடுப்பு மேல.

கடைசி அஸ்திரம் சென்னையில இருக்கிற தம்பி விட்டது. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை 'வின்டேஜ்'னு பதிவு பண்ணலாம், நம்பர்ல 'விஏ'ன்னு வரும். சேஸி, பாடி, இஞ்சின்ல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. ஆனா அந்த நம்பர் போட்டா கண்காட்சி, பேரணின்னு தான் எடுக்கலாம், நினைச்சப்ப குத்தாலத்துக்குக் குளிக்கப் போக முடியாது. அதனால அதை விட்டாச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்டிஓ ஆபீஸ்ல புதுப்பிச்சுக்கலாம்.

ஆனா இந்த 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அம்பாசடர்ல எது ஒரிஜினல்? மட்டடார் டீசல் இஞ்சினைத் தூக்கி மாட்டுனவங்க எத்தனை பேரு. கம்பெனி பாதி செஞ்சா மீதியை நம்ம மெக்கானிக் அண்ணாச்சிகள் தான் செஞ்சாங்க. அப்படிப் பாத்தா 1990-ல மாட்டுன ஏசியும் இந்த வண்டியோட சரித்திரம் தானே. இன்னொண்ணு, நாலுவழிச் சாலைக்காக ரோட்டோர மரமெல்லாம் போச்சு. சித்திரை மாசம் மத்தியானம் தென்காசி போய்ப் பாருங்க, முக்கோணக் கண்ணாடி வழியா வர்றது காத்து இல்ல, அனல்.

இவ்வளவும் படிச்சுட்டு, ஜெயிச்சிடலாம்னு நினைச்சு பெரியம்மாட்ட போனேன். எண்பது தாண்டியாச்சு. "பெரியம்மா, ஏசி வேண்டாம்னு நீங்களே சொல்லிருங்க"ன்னேன்.

"எய்யா, கல்யாணத்தன்னைக்கு அதுல பொண்ணு மாப்பிள்ளை போச்சுவ. நாங்க பொம்பளையெல்லாம் பின்னால வேன்ல தான் வந்தோம். அப்புறம் உங்க பெரியப்பா அதை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வியாபாரத்துக்குக் கொண்டு போனாவ. கழட்டுற வரைக்கும் நான் ஒரு நாளும் அந்த ஏசியில உக்காரலய்யா."

நான் படிச்ச எதுலயும் இதுக்குப் பதில் இல்ல. எந்திரிச்சு வந்து மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர், சின்னதா இந்தக் காலத்துக் கம்ப்ரசர், புதுக் கண்டென்சர், முன்னாடி ஒரு எலெக்ட்ரிக் ஃபேன், கேஸ் 134ஏ. டேஷ்போர்டுக்குக் கீழ தொங்குற பெட்டிக்குக் கூடு மட்டும் அந்தப் பழசே, உள்ள காயில் புதுசு. 1990-ல போட்ட துளையிலயே எல்லாம் உக்காந்துருச்சு, புதுசா ஒரு துளை கூட போடல. பழைய கம்ப்ரசரையும் டைனமோவையும் எண்ணெய் தடவி, சாக்குல சுத்தி, திரும்பப் பரண்ல ஏத்தியாச்சு. இன்னும் கேஸ் அடைக்கல, அது அடுத்த வாரம். பெரியம்மா இப்பவே "சால்வை எடுத்துக்கணுமாய்யா"ன்னு ரெண்டு தடவை கேட்டாச்சு.

மக்களே, பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு 134ஏ போட்டு ஓட்டுறவங்க யாராச்சும் இருந்தா, ரேடியேட்டரை மாத்துனீங்களா இல்ல பழசே தாங்குதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அண்ணாச்சி தாங்கும்ங்கிறாரு. எனக்கு அந்த ரயில்வே கேட்டை நினைச்சாத் தான் பயமா இருக்கு.