உத்திரமேரூர் வட்டாரத்துத் தலைவாசல் கதவுகள்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வீட்டின் தலைவாசலுக்கு எந்தக் கதவு என்பதைச் சுவர், கூரை, கைக்கெட்டிய மரம், வீட்டாரின் வசதி ஆகிய நான்கும் சேர்ந்தே முடிவு செய்துவந்தன. இவற்றில் ஒன்று மாறியபோதெல்லாம் கதவும் மாறியது.

தமிழர் வாசல் அமைத்த முறைக்குச் சங்கப் பாடலான நெடுநல்வாடை பழைய சான்று. அரண்மனை வாயிலைப் பற்றிய பகுதியில், இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவும், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய நெடிய நிலையும் பேசப்படுகின்றன. வாசலுக்குக் காப்பிடும் வழக்கம் அன்றே வேரூன்றியிருந்தது.

உத்திரமேரூர், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், பிரமதேய ஊராக உருவானது. இவ்வூர்ச் சபைத் தேர்தலைக் கூறும், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு கி.பி. 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. தனக்கென ஒரு வாசல் உடையவராக இருப்பது ஊர்ப்பொறுப்புக்கே தகுதியாக எண்ணப்பட்டது. மண்ணும் மரமும் ஓலையுமாக எழுந்த அக்கால வீடுகள் இன்று இல்லை. ஆனால் கதவின் குடுமி சுழல்வதற்காகக் கல்லில் குடைந்த குழிகளைப் பழைய கற்கோயில் வாயில்களில் காணலாம். இரும்புக் கீல் பரவும்வரை வீட்டுக் கதவுகளும் மேலும் கீழும் குடுமி வைத்தே திறந்து மூடின.

கூரை வீடுகளுக்குப் படலே கதவு. மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து, கயிற்றால் வாசற்காலில் பிணைத்துவிடுவார்கள். பாரமான மரக்கதவையும் நிலையையும் தாங்கும் வலு கூரை வீட்டின் மெல்லிய சுவருக்குக் கிடையாது. ஆட்டையும் நாயையும் தடுத்தால் போதும் என்ற அளவில் படல் பயன்பட்டது.

மண்சுவரும் நாட்டு ஓடும் கொண்ட வீடுகளில் ஒற்றைக் கதவு வந்தது. ஓட்டுச்சாய்ப்பு தாழ இறங்கியதால் நிலையும் குட்டையாகவே இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். இந்தக் குட்டை வாசல் சித்திரை, வைகாசி வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழைச்சாரலையும் ஓரளவு வெளியே நிறுத்தியது.

அக்கிரகாரங்களிலும் நிலக்கிழார் வீடுகளிலும் இருபுறமும் திண்ணை, நடுவே இரட்டைக் கதவு, உள்ளே ரேழி, அதற்கப்பால் முற்றம் என்ற ஒழுங்கு நிலவியது. அன்றாடம் ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்தாலே போதும். நெல் மூட்டை வரும்போதும் கல்யாணம், சாவு என்று ஊர் கூடும்போதும் இரண்டையும் திறப்பார்கள். இரவில் கொண்டியை நாதாங்கியில் மாட்டி, குறுக்குக்கட்டை போட்டார்கள். செதுக்குவேலையைக் கதவைவிட நிலையின் மேற்கட்டையிலேயே மிகுதியாகக் காணலாம். கஜலட்சுமியும் பூக்கொடியும் அதில் இடம்பெற்றன.

மரத்தைப் பொறுத்தவரை வேம்பு, பூவரசு, வாகை, பலா ஆகியவை உள்ளூரிலேயே கிடைத்தன. வேம்பின் கசப்பு கரையானை அண்டவிடாது என்பதால் அதை நிலைக்கு விரும்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பகுதிகள் ஆங்கிலேயர் வசமான பின், பர்மாத் தேக்கு கடல்வழியாகச் சென்னைக்குப் பெருமளவில் வந்தது. வெயிலிலும் மழையிலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாத அந்த மரத்தால் கதவு செய்வது வசதியானவர் வீட்டின் அடையாளமாயிற்று.

கதவுக்கு முன்பே நிலை நிற்கிறது. நிலை வைப்பதே வீட்டு வேலையில் பெரிய சடங்கு. நல்ல நாள் பார்த்து, ஆசாரி நிலையை நிறுத்த, அடியில் பொன், நவமணி, நாணயம் இடுவார்கள். நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, மாவிலை கட்டி, ஆசாரிக்கு வேட்டியும் பணமும் கொடுப்பார்கள். கான்கிரீட் வீடுகளிலும் இந்தச் சடங்கு தொடர்கிறது.

ஓலைக்கூரை குறைந்து தளம் போட்ட வீடுகள் பெருகியது அண்மைக்கால மாற்றம். 2011இல் தமிழக அரசு 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. இத்தகைய சிறு வீடுகளில் பழைய அகன்ற திண்ணைக்கும் இரட்டைக் கதவுக்கும் இடமில்லை. ஒற்றைக் கதவே பொருந்துகிறது. தேக்கின் விலை எட்டாதவர்கள் பிளைவுட், இரும்பு, பிளாஸ்டிக் கதவுகளை நாடுகிறார்கள்.

திண்ணைக்கூரை முன்பு கதவையும் காத்தது. அது போன பின் வெயிலும் சாரலும் நேரே கதவில் விழுகின்றன. மரம் ஊதி நிலையில் சிக்குகிறது, பிளைவுட்டின் அடுக்குகள் பிரிகின்றன, இரும்பு துருப்பிடிக்கிறது. ஆகவே இன்று இவ்வட்டாரத்தில் கதவைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாசலுக்கு மேலே நீளும் சன்ஷேடை. அது ஆழமாக இருந்தால் வேம்போ தேக்கோ நெடுநாள் உழைக்கும். இல்லையென்றால் நீரில் ஊதாத கதவும், ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு பூச்சும் தேவைப்படும்.