மாடு சுமந்த உப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஐந்தாம் தரத்தில் விலங்குகளின் பயன்கள் பற்றிப் பாடம் நடந்தது. பிள்ளைகள் வழமை போல எழுதினார்கள். பசு பால் தரும், கோழி முட்டை தரும், எருது வயல் உழும், தோலில் செருப்புச் செய்யலாம். ஒரு பிள்ளை மட்டும் எழும்பி, "சேர், முஸ்லிம் ஆக்கள் மாடு வளர்க்கிறது அறுக்கத்தானே?" என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை. எங்கேயோ காதில் விழுந்ததைத் திருப்பிக் கேட்டான். அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அதுதான் எனக்குக் கவலை.

அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கண்டி இராச்சியத்தில் நெல் விளைந்தது, பாக்கு விளைந்தது, மிளகு விளைந்தது. உப்பு மட்டும் விளையவில்லை. உப்பும் கருவாடும் புத்தளம், மட்டக்களப்பு போன்ற கரையோரங்களிலிருந்துதான் மலைக்கு ஏற வேண்டும். கரையோரமோ முதலில் போர்த்துக்கேயர் கையில், பிறகு ஒல்லாந்தர் கையில். உப்பு வரும் வழியை அடைத்தால் கண்டி அரசனே தடுமாறிப் போவான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கரையோரத்தை ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தபோதும், உப்பு எடுக்கும் உரிமையைக் கண்டி தரப்பு எழுத்தில் வாங்கிக்கொண்டது. ஒரு பிடி உப்புக்கு அவ்வளவு பெறுமதி இருந்தது.

உப்பு கரையில் இருக்கிறது. அதை மலைக்கு எப்படி ஏற்றுவது? அந்தக் காலத்தில் வண்டிப் பாதை இல்லை. இல்லை என்பதைவிட, வேண்டுமென்றே போடவில்லை என்பதுதான் சரி. நல்ல பாதை இருந்தால் எதிரியின் படையும் பீரங்கியும் அதே பாதையால் வந்துவிடும். அதனால் ஒற்றையடிப் பாதைகளும் காடும் அப்படியே விடப்பட்டன. கணவாய்களில் முள்வேலிக் கதவு போட்டுக் காவல் வைத்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் இந்த முட்கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வண்டி போகாத அந்த வழியால் மாடு போனது. முதுகின் இரண்டு பக்கமும் பாரம் சரிசமமாகத் தொங்க, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நடந்தது. வழியில் கிடைத்த புல்லைத் தின்றது, ஓடையில் தண்ணீர் குடித்தது. இந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத்தான் தவளம் என்று பெயர். போகும்போது பாக்கு, மிளகு. திரும்பும்போது உப்பு, கருவாடு, புடவை. மாடு மிதித்துச் சூடடித்த நெல்லை மாடே அரச களஞ்சியத்துக்கும் சுமந்தது.

இந்த வேலைக்கென்றே கண்டி அரசில் ஒரு திணைக்களம் இருந்தது. அதன் பெயர் மடிகே பத்த. அதில் சிங்கள மக்களும் இருந்தார்கள், எங்கள் மூதாதையர் பெருமளவில் இருந்தார்கள். காரணம் விளங்கக்கூடியதுதான். எங்கள் ஆக்களுக்குக் கரையிலும் சொந்தம் இருந்தது, மலையிலும் சொந்தம் இருந்தது. தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். மன்னனுக்குத் தவளச் சேவை செய்தவர்களுக்கு அதற்கு ஈடாகக் காணி கிடைத்தது. குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியால, மடிகே அனுக்கனை என்று இன்றும் முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பெயர்களிலேயே மாடு நிற்கிறது. மலைநாட்டிலும் அதன் அடிவாரத்திலும் எங்களுக்குக் கிடைத்த மண்ணில் ஒரு பங்கு அந்த வாயில்லாச் சீவன் நடந்து வாங்கித் தந்தது.

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. வெல்லஸ்ஸவில் முஸ்லிம்களைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்து, ஹாஜி மரிக்கார் என்பவரை மடிகே முஹந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். பிரதானிகளுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. 1817இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தபோது ஆரம்பத்திலேயே கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கிளர்ச்சிக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் இரண்டு சமூகத்தையும் சேர்த்துக் கட்டிய தவளக் கயிற்றை மூன்றாவது கை ஒன்று பிடித்து இழுத்தால் என்ன நடக்கும் என்பதை அதில் பார்க்கலாம்.

பிறகு 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி வந்தது. தவளம் போய் மாட்டு வண்டி வந்தது. மலையில் விளைந்த கோப்பியை கொழும்புக்கு இறக்கியதும் மாடுதான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் அந்தப் பாரமும் இறங்கியது. பாதை போடாத ஊர்களுக்கு மட்டும் தவளம் இன்னும் கொஞ்சக் காலம் நடந்தது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நாட்டில் மாட்டைப் பற்றிப் பேச்சு எழும்பும்போதெல்லாம் எங்களைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்லப்படுகிறது. சொல்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, மற்றக் கதையை மறந்தது நாங்கள்தான். இறைச்சி சாப்பிடுவது எங்கள் உணவு, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் முதுகில் புண் வந்தால் தவளம் நிற்கும், தவளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தான் குடித்த மனிதர்களின் பிள்ளைகளும் நாங்கள்தான். கட்டாக்காலி மாட்டுக்குக் கல்லெறியும் எங்கள் பொடியன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தோமா?

அந்தப் பிள்ளை கடைசியில் கொப்பியில் ஒரு வரி கூட்டி எழுதினான்: "மாடு எங்களுக்கு ஊர் தந்தது." நான் சரி போட்டேன்.

உங்கள் ஊரில், வீட்டில், தவளத்தைப் பற்றியோ மாட்டு வண்டியைப் பற்றியோ கதை தெரிந்த மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். பழைய மாட்டு மணி, வண்டிச் சில்லு ஏதும் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்துக் கீழே போடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.