கோபே பள்ளிவாசல்: அந்நிய நகரில் தீனுடன் வாழ்ந்தவர்களின் வரலாறு

 

குளச்சலும் தேங்காப்பட்டணமும் துறைமுகங்களாகத் திகழ்ந்த நம் குமரி மண்ணுக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. எனினும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சென்றது பாங்கோசை கேட்கும் வளைகுடா நாடுகளுக்கே. திறன்பெற்ற தொழிலாளர்கள் தொடர்பாக 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்னர், ஜப்பானுக்குச் செல்லும் எண்ணம் நம் இளைஞர் சிலரிடமும் எழுந்துள்ளது. அங்கே தொழ இடம் உண்டா, ஹலாலான உணவு கிடைக்குமா, மவுத்தானால் அடக்க மண் கிடைக்குமா என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் கோபே நகரின் வரலாற்றைப் பார்ப்போம்.

கோபே துறைமுகம் 1868இல் வெளிநாட்டு வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. வணிகர்கள் குடியேறினர். 1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் யோகோஹாமா நகரம் அழிந்தபோது, அங்கிருந்த இந்திய வணிகர் பலர் கோபேக்கு இடம்பெயர்ந்தனர். அந்தப் பேரிடரில் தமக்கு உதவிய யோகோஹாமா மக்களுக்கு நன்றி கூறும் வகையில் இந்திய வணிகர்கள் பின்னாளில் எழுப்பிய நீரூற்று மண்டபம் இன்றும் யாமாஷிதா பூங்காவில் நிற்கிறது. செய்நன்றி மறவாதவர்களாக அவர்கள் அந்நாட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

கோபேயில் இந்திய முஸ்லிம் வணிகர்களுடன், ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாடிழந்து வந்த தாத்தாரியரும் வாழ்ந்தனர். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. ஆயினும் வக்து வந்ததும் ஒரே ஸஃப்பில் நின்றனர். ஒரு பள்ளிவாசல் வேண்டுமென்று 1928இல் நன்கொடை திரட்டத் தொடங்கினர். ஏழாண்டு முயற்சிக்குப் பின், 1935இல் ஜப்பானின் முதல் பள்ளிவாசல்களுள் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் யோசெப் ஸ்வாகர். ஜப்பானில் கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றை வடிவமைத்தவர். கட்டி முடித்தது தக்கெனக்கா என்னும் ஜப்பானிய நிறுவனம். பிற சமயத்தவரின் கைகளும் சேர்ந்தே அந்த இறையில்லம் எழுந்தது.

1943இல் ஜப்பானியக் கடற்படை அப்பள்ளியைக் கைப்பற்றியது. 1945இன் குண்டுவீச்சில் கோபே நகரின் பெரும்பகுதி சாம்பலானது; பள்ளிவாசல் நிலைத்து நின்றது. 1995 ஜனவரி 17 அன்று ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்தையும் அது தாங்கியது. அல்லாஹ்வின் நாட்டம்! இன்றும் அங்கே ஜுமுஆ நடைபெறுகிறது.

இனி அங்குள்ள அன்றாட வாழ்வைப் பார்ப்போம். பாங்கு பள்ளியின் உள்ளேயே ஒலிக்கும், தெருவிற்குக் கேட்காது. ஆகவே வக்தை அவரவரே பேண வேண்டும். ஜூன் மாதத்தில் அதிகாலை மூன்று மணியளவிலேயே ஸுப்ஹு வக்து தொடங்கிவிடும். அப்பருவத்தில் ரமலான் வந்தால் ஏறத்தாழ 16 மணி நேரம் நோன்பிருக்க வேண்டும். சோறும் மீனும் அங்கே தாராளம். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அது ஆறுதல். ஆனால் மிரின் என்னும் அரிசி மது பல குழம்புகளில் கலக்கிறது. சோயா சாற்றிலும் மதுச்சாரம் சேர்ப்பதுண்டு. பொட்டலத்தின் எழுத்தை வாசிக்கத் தெரியாதவர் ஹலாலைப் பேண இயலாது. எனவே அங்கே செல்பவருக்கு மொழி கற்பது பிழைப்புக்காக மட்டுமன்று, தீனைக் காப்பதற்காகவும்தான். குப்பையைக் கூட எரியும் குப்பை, நெகிழி, புட்டி என்று பிரித்து, அதற்குரிய நாளில் மட்டுமே வெளியே வைக்க வேண்டும். இதில் தவறுபவரை அண்டை வீட்டார் மதிப்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதை நாம் மதரஸாவில் ஓதுகிறோம். அங்கே அதை நாள்தோறும் நடந்து காட்ட வேண்டும்.

யாவற்றினும் கடினமானது இறுதிக் கடமை. ஜப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் எரியூட்டப்படுகின்றன. முஸ்லிம்களுக்கான மையவாடிகள் மிகச் சில. புதிய மையவாடிக்கு இடம் கேட்டால், நிலத்தடி நீர் கெடும் என்று ஊரார் அஞ்சுவதும் உண்டு. ஒரு மையித்தை அடக்க நெடுந்தொலைவு எடுத்துச் செல்ல வேண்டிய நிலையும் ஏற்படுகிறது. பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இதையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

இவ்வரலாறு செல்பவருக்கு மட்டுமன்று, ஊரில் இருக்கும் நமக்கும் உரியது. இன்று நம் கட்டடங்களை எழுப்ப வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்களுள் முஸ்லிம்கள் ஜுமுஆவில் நம் பின்வரிசையில் நிற்கின்றனர். நமக்கு அவர்களின் மொழி தெரியாது. பெயரையும் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர்களுள் ஒருவர் இங்கே மவுத்தானால், ஜமாஅத் பதிவேட்டில் பெயர் இல்லையே என்று நாம் தயங்குவோமா? கோபேயில் நம் பிள்ளைக்கு எதை எதிர்பார்க்கிறோமோ, அதை நம் மஹல்லாவில் அவர்களுக்குத் தருவது நம் மீது கடமையன்றோ? அவர்களுக்கு நம் மையவாடியில் இடம் உண்டு என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் இன்றே தீர்மானமாக எழுதி வைக்கட்டும்.

கோபேயில் தொழுபவர் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பி நிற்கிறார். நாகர்கோவிலில் நாம் நிற்பதும் ஏறத்தாழ அதே திசையில்தான். ஊர் மாறினாலும் உம்மத்து ஒன்றே.

அந்நிய மண்ணில் வாழும் நம் மக்களின் ஈமானையும் கண்ணியத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் ஊருக்கு வந்தவர்களின் உரிமையைப் பேணும் நல்லுள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.