கிரிம் கதைகளில் எது "ஒரிஜினல்"? குழந்தைக்கு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு குட்டி வரலாறு

1/
"டாக்டர், பாப்பாவுக்கு அஞ்சு வயசு. கிரிம் கதைகள் வாங்கலாம்னு இருக்கோம். சுருக்கினது வேண்டாம், ஒரிஜினலே வாங்கிடவா?"
தடுப்பூசி போட வர்ற அப்பா அம்மாக்கள் இப்பல்லாம் இதையும் கேக்குறாங்க. இதுக்குப் பதில் சொல்ல 200 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

2/
ஜெர்மனியில் காசெல் நகரம். யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம்னு அண்ணன் தம்பி. ரெண்டு பேரும் பழைய மொழி, பழைய இலக்கியத்தில் ஊறினவங்க. நெப்போலியன் ஆதிக்கத்தில் ஊரே இருந்த காலம். நம்ம கதைகள் அழிஞ்சிடக் கூடாதுன்னு சேகரிக்க ஆரம்பிச்சாங்க. 1812 டிசம்பரில் முதல் தொகுதி, 86 கதைகள். 1815ல் இரண்டாவது தொகுதி, 70 கதைகள்.

3/
ஊர் ஊரா நடந்து போய், பாட்டிகளிடம் கேட்டு எழுதினாங்கன்னு நாம நினைச்சுக்கிறோம். பெரும்பாலும் நடந்தது வேற. கதை சொன்னவங்கதான் இவங்க வீட்டுக்கு வந்தாங்க. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வில்ட் வீட்டுப் பெண்கள் நிறைய சொன்னாங்க. அதில் ஒருத்தரைத்தான் 1825ல் வில்ஹெல்ம் கல்யாணம் பண்ணிக்கிட்டார். காய்கறி விற்க வந்த தையல்காரர் மனைவி டோரதியா ஃபீமன் இன்னொருத்தர். அவர் முன்னோர்கள் பிரான்சிலிருந்து குடியேறியவங்க.
சிவப்புக் குல்லா பெண் கதை 1697லேயே பிரான்சில் பெரோவின் புத்தகத்தில் அச்சாகிடுச்சு. ஆக, கலப்பே இல்லாத ஜெர்மன் கதைன்னு சொல்றது ஆரம்பத்துலயே அடிபட்டுப் போகுது.

4/
அந்த முதல் புத்தகத்தில் படமே கிடையாது. ஆராய்ச்சிக் குறிப்புகள்தான் இருந்துச்சு. ஆனா தலைப்பில் "குழந்தைகள்"ங்கிற வார்த்தை இருக்கு! உள்ளே, கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கொல்லும் கதையும் இருக்கு. புத்தகம் போடச் சொல்லி ஊக்கப்படுத்திய நண்பர் அர்னிமே, இது பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு குறை சொன்னார்.

5/
1819ல் இரண்டாம் பதிப்பு. இங்கிருந்து திருத்துற வேலை பெரும்பாலும் வில்ஹெல்ம் கையில். கசாப்புக் கதையைத் தூக்கிட்டார்.
ரபுன்சல் கதையையும் பாருங்க. 1812ல் அவ வெகுளியா கேக்குறா, "ஏன் என் துணியெல்லாம் இறுக்கமாகுது?"ன்னு. கர்ப்பம்னு பெரியவங்களுக்குப் புரிஞ்சிடும். பின்னாடி வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வியே இல்லை. ராஜகுமாரனை மேலே இழுக்குறதைவிட உன்னை இழுக்கக் கஷ்டமா இருக்குன்னு உளறி மாட்டிக்கிறா.

6/
சரி, ரத்தத்தையும் குறைச்சிருப்பார்னு நினைப்பீங்க. அங்கதான் விஷயம். சின்ட்ரெல்லாவின் அக்காக்கள் கண்ணைப் புறா கொத்துற முடிவு 1812ல் கிடையாது. 1819ல் சேர்த்தது! அவங்க கணக்கில் உடல் உறவு பத்தின சாடை பிள்ளைக்குக் கெடுதல். கெட்டவங்களுக்குக் கிடைக்கிற கொடூர தண்டனை நல்ல பாடம்.

7/
இன்னொரு மாற்றம் ரொம்ப முக்கியம். 1812ல் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெத்த அம்மா. 1819ல் அது மாற்றாந்தாய் ஆகுது. ஹான்சல், கிரெட்டலைக் காட்டில் விடச் சொன்னதும் முதலில் பெத்த அம்மாதான். அங்கே 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் வர்றாங்க. தாய்மையோட பேர் கெடக் கூடாதுன்னு பழி இடம் மாறிடுச்சு.

8/
இங்கே டாக்டரா ஒரு வார்த்தை. திருத்தின ஸ்நோ ஒயிட்டில் குழந்தை பிறந்ததும் ராணி செத்துப் போறாங்க. அன்னைக்குப் படிச்சவங்க யாருக்கும் இது அதிசயமா இருந்திருக்காது. வியன்னாவில் செம்மல்வைஸ் வேலை பார்த்த பிரசவப் பிரிவில் 1846ல் 100 தாய்மார்களில் 11 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலில். 1847ல் குளோரின் கரைசலில் கை கழுவ வைச்சார். 1848ல் அது 100க்கு ஒன்று அளவுக்கு இறங்குச்சு.
அந்தக் காலத்தில் தாயில்லாப் பிள்ளையும் சித்தியும் எல்லாத் தெருவிலும் இருந்தாங்க. கதை அந்தச் சித்தி எல்லாரையும் வில்லி ஆக்கிடுச்சு.

9/
அடுத்த திருப்பம் லண்டனில். 1823ல் எட்கர் டெய்லர் சில கதைகளைப் பொறுக்கி, காரத்தைக் குறைச்சு ஆங்கிலத்தில் போட்டார். குரூக்‌ஷாங்கின் சிரிப்புப் படங்களோட நல்லா ஓடுச்சு. அதைப் பார்த்து கிரிம் சகோதரர்களே 1825ல் 50 கதைகள் மட்டும் எடுத்து ஒரு சிறிய பதிப்பு போட்டாங்க. படம் வரைஞ்சது தம்பி லுட்விக். இதுதான் வீடு வீடா போச்சு. 1858க்குள்ள 10 பதிப்பு.
அதாவது, "குழந்தைகள் சுருக்கப் பதிப்பு" அவங்களே போட்டிருக்காங்க.

10/
இப்போ கசப்பான பகுதி. அந்த 50க்குள்ள ஒரு யூதரை முள்புதருக்குள்ள ஆட வைச்சு, கடைசியில் தூக்கில் போடுற கதையும் இருக்கு. சோகமா இல்லைங்க, தமாஷா! கர்ப்பம் வேண்டாம்னு வெட்டின கை, குழந்தைங்களுக்குன்னு தேர்ந்தெடுக்கும்போது இதை விட்டு வைச்சது. அன்னைக்கு யாருக்கும் இது உறுத்தல. ஒவ்வொரு தலைமுறையும் எதை வெட்டுதோ, எதைக் கண்டுக்காம விடுதோ, அதில் அந்தத் தலைமுறையோட முகம் தெரியும்.

11/
கடைசியா 1857ல் ஏழாம் பதிப்பு, 200க்கும் மேல் கதைகள். "முழுமையான கிரிம்"னு கடையில் கிடைக்கிறது பெரும்பாலும் இதன் மொழிபெயர்ப்பு. 1812, 1815 தொகுதிகள் ஜாக் சைப்ஸ் மொழிபெயர்ப்பில் முழுசா ஆங்கிலத்தில் வந்ததே 2014ல்தான். அதனால "ஒரிஜினல்"னு அட்டையில் போட்டிருந்தா, எந்த வருஷத்து ஒரிஜினல்னு கேளுங்க. ரெண்டுமே அஞ்சு வயசுக்காக எழுதினது இல்லை.

12/
அப்போ எப்படித் தேர்ந்தெடுக்கிறது?
• யார் மறுபடி எழுதினாங்க, எந்தப் பதிப்பிலிருந்துன்னு முன்னுரையில் சொல்லியிருக்கிற புத்தகமா பாருங்க.
• சின்னப் பிள்ளைக்கு 200 கதை தேவையில்லை. 20 கதை, நல்ல படம், பெரிய எழுத்து போதும்.
• நீங்க முதலில் தனியா படிங்க. கடைசிப் பக்கத்தைக் கண்டிப்பா படிங்க.
• ஓநாய், சூனியக்காரி, இருட்டுக் காடு இருக்கட்டும். உங்க மடியில் உக்காந்து கேக்குற பயம் பிள்ளைக்குத் தாங்கும். கேட்டுட்டு ராத்திரி தூக்கம் கெடுதுன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.
• ஒரு சாதியை, மதத்தை, நிறத்தை, உடல் குறையைக் கெட்டதுக்கு அடையாளமா காட்டுற கதையைத் தயங்காம விடுங்க.
• வீட்டிலோ வகுப்பிலோ சித்தியிடம் வளர்ற குழந்தை இருந்தா, "மாற்றாந்தாய்"ங்கிற வார்த்தையை மாத்திச் சொல்லுங்க. "ஒரு பொல்லாத ராணி" போதும். கதை ஒண்ணும் குறைஞ்சிடாது.

13/
"கதையை மாத்துறது தப்பில்லையா டாக்டர்?"ன்னு கேப்பீங்க. வில்ஹெல்ம் 1812லிருந்து 1857 வரைக்கும் 45 வருஷம் மாத்திக்கிட்டேதான் இருந்தார். உங்க குழந்தையை அவரைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். தைரியமா ஒரு வரியைத் தாண்டிப் படிங்க.
குழந்தைக்குப் புத்தகம் தேடிட்டு இருக்கிற யாராவது தெரிஞ்சா இந்த இழையைப் பகிருங்க.