எட்டுத் துடிப்பு பொறுத்தால்

வால்வு ரேடியோ சூடேறிப் பாடும்வரை காத்திருந்த தலைமுறை நாம். இன்று கேபிள் பெட்டியைப் போட்டாலும் சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை, பழங்காநத்தத்தில் டி.வி. பழுதுபார்க்கும் ஒரு தம்பி எனக்கு விளக்கினார். பெட்டி இயங்குவதற்கான புரோகிராம் பெரும்பாலும் எட்டுக் கால் உள்ள ஒரு சிறு ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் முதல் வேலை அதைப் படிப்பதுதான்.

1970களின் ஈப்ராம் சிப்பை அழிக்க, அதன் கண்ணாடிச் சன்னல் வழியே புற ஊதாக் கதிரைப் பல நிமிடம் பாய்ச்ச வேண்டும். மின்சாரத்தாலேயே மொத்தமாக, சட்டென்று அழிக்கக்கூடிய நினைவகத்தை 1984-இல் அறிவித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. கேமரா ஃப்ளாஷை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்தது.

அழிப்பது சுலபமாயிற்று. படிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கட்டளையில், முகவரியைச் சொன்ன அடுத்த கடிகாரத் துடிப்பிலேயே சிப் விடை தர வேண்டும். அதற்குத் தேடி எடுக்க அவகாசம் வேண்டுமே! அதனால் கடிகாரத்தையே மெதுவாக ஓட்டினார்கள். ரிக்கார்டு ரூமில் கட்டைத் தேட நேரமாகிறது என்பதற்காக, கிடைத்த பிறகும் ஒவ்வொரு பக்கத்தையும் அதே நிதானத்தில் புரட்டுவதைப் போன்றது இது.

'ஃபாஸ்ட் ரீட்' கட்டளை இதைத் தீர்த்தது. முகவரிக்குப் பின் எட்டு வெற்றுத் துடிப்புகள் விட்டுவிட்டால், அதன்பின் கடிகாரத்தை விரட்டலாம். பரவலாகப் புழங்கும் ஒரு வகைச் சிப்பில் 50 மெகாஹெர்ட்ஸ் வரம்பு 104 ஆகிறது. 256 பைட் படிக்க ஒற்றைக் கம்பியில் 2048 துடிப்பு. அதோடு எட்டைக் கூட்டினால் நஷ்டமா? நான்கு கம்பிகளில் அனுப்பினால் 512 துடிப்பே போதும்.

ஆனால் இது தானாக நடக்காது. சிப்போடு பேசும் டிரைவர் மென்பொருளில் இதைச் சரியாக அமைக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 'திக்தே' வகுப்புதான் ஞாபகம் வந்தது. ஆசிரியர் சொல்லத் தொடங்கும் இடமும் நாம் எழுதத் தொடங்கும் இடமும் பொருந்தாவிட்டால் முழு வரியும் பிழை. இங்கும் துடிப்புக் கணக்கு தவறினால் வருவதெல்லாம் குப்பை, பெட்டி எழுந்திருக்காது. நான்கு கம்பி முறைக்கான அனுமதி பிட் இருக்கும் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே 2011-இல் ஜெடெக் அமைப்பு ஒரு தரம் வகுத்தது: எந்த முறையில், எத்தனை துடிப்பு விட்டுப் படிக்க வேண்டும் என்ற அட்டவணை சிப்புக்குள்ளேயே இருக்கும், டிரைவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இது அந்நிய நாட்டுச் சமாச்சாரம் மட்டுமல்ல. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர் 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதே ஆண்டு இன்னொரு சக்தி சிப் சண்டிகரை ஒட்டிய மொகாலியில் தயாரானது. அதற்கான மென்பொருள் தொகுப்பிலும் ஃப்ளாஷைப் படிக்கும் டிரைவர் உண்டு. நம் பிள்ளைகள் எழுதியது.

கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியதால் கோப்பு வேகமாக நகர்ந்து பார்த்ததில்லை. தேடுகிறவருக்கு முதலில் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். பிறகு அவர் வேகத்தைப் பாருங்கள்.